பிரேக் மிதிக்கும் கால்

இடுப்பு மூட்டு மாற்றியவர் என்றதும் கைத்தடி ஊன்றிய எழுபது வயதுக்காரர்தான் நினைவுக்கு வருகிறார். ஐரோப்பாவுக்கு அது பொருந்தும். அங்கே இந்த அறுவை சிகிச்சைக்கு முதல் காரணம் வயதோடு வரும் மூட்டுத் தேய்மானம். நம் ஊர் எலும்பு மருத்துவர்களின் வாசலில் முப்பத்தைந்து, நாற்பது வயதுக்காரர்களே நிறைய உட்கார்ந்திருக்கிறார்கள். தொடை எலும்பின் தலைக்குப் போகும் ரத்தம் தடைபட்டு, எலும்பு உள்ளுக்குள்ளேயே செத்து, உருண்டையாக இருக்க வேண்டிய தலை நசுங்கித் தட்டையாகிப் போனவர்கள். 'ஏ.வி.என்.' என்று நோயாளிகளே சொல்லப் பழகிவிட்ட இந்த நோய், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு வருகிறது; அளவு மீறிக் குடித்தவர்களுக்கு வருகிறது; விபத்தில் தொடை எலும்பின் கழுத்து முறிந்தவர்களுக்கு வருகிறது; காரணம் எதுவும் பிடிபடாமலும் வருகிறது.

இந்த வயதில் இருப்பவர் வீட்டில் சம்பாதிக்கிறவர். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வேலைக்குப் போகிறவர். பலருக்கு வண்டி ஓட்டுவதே வேலை. அதனால் தையல் பிரிக்க வரும் நாளில் கேட்கிற முதல் கேள்வி, "வண்டி எப்ப சார் எடுக்கலாம்?" என்பதுதான். "ஒரு ஆறு வாரம் போகட்டும்" என்று பெரும்பாலும் பதில் வருகிறது. என்ன வண்டி என்று எதிர்க்கேள்வி வருவது அபூர்வம். ஆல்டோவா, ஆக்டிவாவா, புல்லட்டா, ஷேர் ஆட்டோவா? கியர் போடுகிற வண்டியா, ஆட்டோமேட்டிக்கா? அறுத்தது வலது பக்கமா, இடது பக்கமா? இவற்றைப் பொறுத்து ஆறு வாரம் சிலருக்கு அதிகம், சிலருக்கு மிகக் குறைவு. காலண்டரைப் பார்த்துச் சொல்லும் பதில், காலையும் வண்டியையும் பார்த்துச் சொல்லும் பதிலுக்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று பார்க்க, முதலில் அந்த மூட்டுக்குள் போக வேண்டும்.

இடுப்பு ஒரு பந்துக் கிண்ண மூட்டு. அதை மாற்றுவதில் உலகத்துக்கு நம்பகமான வழி காட்டியவர் ஜான் சார்ன்லி. இங்கிலாந்தின் லங்காஷயரில் ரைட்டிங்டன் என்ற மருத்துவமனையில், 1950களின் இறுதியில், உலோகப் பந்துக்கு எதிரே வழுக்கும் பொருளால் ஆன கிண்ணம் வேண்டும் என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். உராய்வு மிகக் குறைவான டெஃப்லானைத் தேர்ந்தெடுத்தார். வலியில்லாமல் நடந்த நோயாளிகளைப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஓரிரு ஆண்டுகளில் கிண்ணங்கள் தேயத் தொடங்கின. தேய்ந்த தூளைச் சுற்றித் திசுக்கள் வீங்கின. ஏறத்தாழ 300 பேருக்கு அவர் அதைப் பொருத்தியிருந்தார். பொருத்தியதைத் தம் கையாலேயே மறுபடி திறந்து எடுத்தார். டெஃப்லான் தூளைத் தம் தொடைக்குள்ளேயே செலுத்தி உடல் என்ன செய்கிறது என்றும் பார்த்தார். மருத்துவ வரலாற்றில் ஒரு தோல்வியை இவ்வளவு நேர்மையாக எதிர்கொண்டவர்கள் குறைவு.

1962 மே மாதத்தில் ஒரு விற்பனையாளர் அந்த ஆய்வகத்துக்கு வந்தார். லங்காஷயர் நெசவு ஆலைகளின் தறிகளுக்குப் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் விற்பவர். அவர் கொண்டுவந்தது மிகக் கனமான மூலக்கூறுகள் கொண்ட பாலிஎத்திலின். சார்ன்லி அதை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். அவரிடம் வேலை பார்த்த தொழில்நுட்பர் ஹாரி கிரேவன், தம் மேலாளர் வெளியே போயிருந்த நேரத்தில், அந்தத் துண்டைத் தேய்மானச் சோதனைக் கருவியில் மாட்டி இரவு பகலாக ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடிய பிறகும், டெஃப்லான் ஒரே நாளில் தேய்கிற அளவுக்குக்கூட அது தேயவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அந்தப் பொருளால் செய்த கிண்ணம் நோயாளியின் உடலுக்குள் போனது. இன்று உலகெங்கும் வைக்கப்படும் கிண்ணங்களில் பெரும்பாலானவை அதன் மேம்பட்ட வாரிசுகள். 2007இல் லான்செட் மருத்துவ இதழ் இந்தச் சிகிச்சையை நூற்றாண்டின் அறுவை சிகிச்சை என்று அழைத்தது. மாற்றிய இடுப்புகளில் சுமார் 58 விழுக்காடு 25 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கின்றன என்று 2019இல் அதே இதழில் ஒரு கணக்கு வந்தது.

அதாவது, உள்ளே வைக்கும் பொருளைப் பற்றி நோயாளி பயப்படத் தேவையில்லை. சிமென்ட் வைத்துப் பொருத்தினால் அறுவை அரங்கிலேயே அது இறுகிவிடுகிறது. சிமென்ட் இல்லாமல் தொடை எலும்புக்குள் பொருத்தும் தண்டின் நுண்துளைகளுக்குள் எலும்பு வளர்ந்து பிடிக்க 6 முதல் 12 வாரம் ஆகும்; அதுவரை தாங்கும் அளவுக்கு அதை முதலிலேயே இறுக்கமாக அடித்து இறக்கியிருப்பார்கள். அதனால்தான் பலரை மறுநாளே வாக்கர் பிடித்து நடக்கவைக்கிறார்கள். நடக்க முடிகிறதே, ஓட்ட முடியாதா என்ற எண்ணம் அங்கேதான் முளைக்கிறது.

காலம் தேவைப்படுவது மூட்டைச் சுற்றியிருக்கும் சதைக்கு. நம் நாட்டில் பெரும்பாலும் கையாளும் முறையில், பின்பக்கமாகத் திறந்து, பிட்டத்தின் பெரிய தசையை விலக்கி, மூட்டைப் பின்னாலிருந்து பிடித்திருக்கும் சிறு தசைகளை வெட்டி, உறையைத் திறந்து, வேலை முடிந்ததும் திரும்பத் தைக்கிறார்கள். அந்தத் தையல் தழும்பாகி உரம் பெறும் வரை பின்பக்கச் சுவர் பலவீனமாகவே இருக்கும். முதல் மூன்று மாதத்தில்தான் பந்து கிண்ணத்தை விட்டு நழுவும் ஆபத்து அதிகம். தொடையை 90 பாகைக்கு மேல் மடக்காதீர்கள், கால் மேல் கால் போடாதீர்கள், காலை உள்பக்கமாகத் திருப்பாதீர்கள் என்ற மூன்று கட்டளைகளும் இதற்காகத்தான். முன்பக்கமாகத் திறந்தவர்களுக்கு விதிகள் வேறு. அவர்கள் காலைப் பின்னுக்கு நீட்டி வெளிப்பக்கம் திருப்புவதில்தான் கவனமாக இருக்க வேண்டும். உங்களுக்கு எந்தப் பக்கம் திறந்தார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. அது தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரர் செய்த உடற்பயிற்சியைச் செய்வது ஆபத்து.

இன்னொரு தசையைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. இடுப்பின் வெளிப்பக்கத்தில், பேன்ட் பைக்குக் கொஞ்சம் பின்னால், நடுப்பிட்டத் தசை இருக்கிறது. ஒரு காலில் நிற்கும்போது இடுப்பெலும்பு மறுபக்கம் சரியாமல் இழுத்துப் பிடிப்பது அதன் வேலை. அது பலவீனமானால் மறுபக்க இடுப்பு தொங்கிப்போகும் என்று 1895இல் ஜெர்மன் மருத்துவர் ஃபிரெட்ரிக் டிரெண்டலன்பர்க் காட்டினார். இன்றும் மருத்துவர்கள் ஒற்றைக் காலில் நிற்கச்சொல்லிப் பார்ப்பது அவர் பெயரில் உள்ள சோதனைதான். அந்தத் தசை எவ்வளவு இழுக்கிறது என்பதை 1930களில் ஃபிரெட்ரிக் பாவெல்ஸ் நெம்புகோல் கணக்காகப் போட்டார். உடல் எடை மூட்டிலிருந்து தொலைவில் அழுத்துகிறது. தசை மூட்டுக்கு மிக அருகில் பிடித்திருக்கிறது. ஆகவே எடையைவிட அதிகமாக அது இழுத்தாக வேண்டும். இரண்டும் சேர்ந்து, ஒற்றைக் காலில் நிற்கும்போது மூட்டின்மேல் உடல் எடையைப்போல இரண்டரை முதல் மூன்று மடங்கு சுமை விழுகிறது. பெர்லினில் கியோர்க் பெர்க்மன் குழுவினர் உணரிகள் பதித்த செயற்கை மூட்டுகளை நோயாளிகளுக்குப் பொருத்தி நேரடியாகவே அளந்தார்கள். சமதளத்தில் நடக்கும்போது சுமார் 2.4 மடங்கு. எதிர்பாராமல் தடுக்கித் தடுமாறும்போது 7 மடங்கையும் தாண்டியது.

இந்த எண்களோடு இனி வண்டிக்கு வரலாம்.

கார் ஓட்டும்போது திடீரென்று ஒரு சிறுவன் குறுக்கே ஓடிவருகிறான். கண் பார்க்கிறது, மூளை முடிவெடுக்கிறது, வலது தொடை தூக்கப்பட வேண்டும், கால் இடப்பக்கம் நகர வேண்டும், பிறகு பலமாக மிதிக்க வேண்டும். தூக்குவது இடுப்பின் முன்பக்கத் தசை. மிதிப்பது தொடைத் தசையும் பிட்டத் தசையும். பிரிட்டனின் சாலை விதி நூல், நல்ல ஓட்டுநருக்கு இந்த யோசிக்கும் நேரத்தை ஏறத்தாழ மூன்றில் இரண்டு வினாடி என்று வைத்துக்கொண்டுதான் வண்டி நிற்கும் தூரங்களைக் கணக்கிடுகிறது.

அறுவைக்குப் பின் கால் 0.2 வினாடி தாமதமாகிறது என்று வைத்துக்கொள்வோம். கண் சிமிட்டும் நேரம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வண்டி வினாடிக்கு 13.9 மீட்டர் ஓடுகிறது. 0.2 வினாடியில் 2.8 மீட்டர், ஒரு ஆட்டோவின் நீளத்தைவிடச் சற்று அதிகம். அவ்வளவுதானே என்று தோன்றும். கணக்கை இன்னும் ஓர் அடி எடுத்துச் செல்ல வேண்டும். நலமாக இருக்கும் ஓட்டுநர் அந்தச் சிறுவனைத் தொடாமல் சரியாக அவன் எதிரே நிறுத்திவிடுகிறார் என்றால், 0.2 வினாடி தாமதித்தவரின் வண்டி அதே இடத்தைக் கடக்கும்போது இன்னும் மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் இருக்கும். உலர்ந்த சாலை, நல்ல டயர், நல்ல பிரேக் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. கடைசி மீட்டர்களில்தான் வேகம் மளமளவென்று குறைகிறது. ஆகவே தொடக்கத்தில் இழந்த கண்ணிமைக்கும் நேரம் முடிவில் மோதலாக வந்து நிற்கிறது.

பலமும் வேண்டும். காரின் பிரேக்கைச் சோதிக்கும் பன்னாட்டு விதிகள், மிதியை அழுத்தும் விசைக்கு 500 நியூட்டன் என்று உச்ச வரம்பு வைத்திருக்கின்றன. ஏறத்தாழ 50 கிலோ எடைக்குச் சமம். இன்றைய கார்களில் எஞ்சின் ஓடும்போது பூஸ்டர் உதவுவதால் அன்றாடம் அதில் சிறு பங்கே போதும். அவசரத்தில் முழுப் பலத்தோடு மிதிக்கத் தயங்காத கால் வேண்டும். வலிக்கப்போகிறது என்று உடம்பு எதிர்பார்த்தாலே கால் பாதி அழுத்தத்தில் நின்றுவிடும். இந்தத் தயக்கம் ஓட்டுபவருக்கே தெரியாது என்பதுதான் இதில் கவலைக்குரியது.

அறிஞர்கள் இதை அளக்காமல் விடவில்லை. 1988இல் பிரிட்டனின் எலும்பு, மூட்டு அறுவை சிகிச்சை இதழில் வந்த ஓர் ஆய்வு, வலது இடுப்பை மாற்றியவர்கள் 8 வாரமாவது காத்திருக்க வேண்டும் என்றது. 2003இல் வந்த இன்னோர் ஆய்வு, முதல் வாரத்தில் மோசமாகும் பிரேக் நேரம் 4 முதல் 6 வாரத்தில் மீண்டு, ஓராண்டு வரை மேம்பட்டுக்கொண்டே போவதைக் காட்டியது. அண்மைக் கால ஆய்வுகள் சில, இரண்டு வாரத்திலேயே பலர் பழைய வேகத்துக்கு வந்துவிடுகிறார்கள் என்கின்றன. அறுக்கும் முறை, மயக்க மருந்து, முதல் நாளே நடக்கவைக்கும் பழக்கம் எல்லாம் மாறிவிட்டதால் இந்தக் குறைப்பு நியாயமானதுதான். ஆனால் இவை ஆய்வகத்தில், கார் போன்ற பாவனைக் கருவியில் உட்கார்ந்து அளந்தவை. கோயம்பேட்டு நெரிசலில் ஒரு மணி நேரம் கிளட்ச் மிதித்துக் களைத்த காலை அவை அளக்கவில்லை.

இந்த ஆய்வுகளிலிருந்து எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அறுவைக்கு முன்பே, வலியோடு இருந்த காலத்திலேயே, இவர்களின் கால் மெதுவாகத்தான் இருந்தது. சிகிச்சை முடிந்து சில மாதங்களில் முன்பைவிட வேகமாக மிதிக்கிறார்கள். அறுவையைத் தள்ளிப்போட்டுக்கொண்டு, வலி மாத்திரை போட்டுக்கொண்டு தினமும் ஓட்டும் ஆட்கள்தான் சாலையில் கூடுதல் ஆபத்து. அவர்களை யாரும் எச்சரிப்பதில்லை.

இடது இடுப்பை மாற்றியவர் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருந்தால் அவருக்கு வழி சீக்கிரம் திறக்கும். இடது காலுக்கு அதில் வேலையே இல்லை. கிளட்ச் உள்ள கார் என்றால் அப்படியில்லை. ஆட்டோ ஓட்டுநரின் நிலைதான் மிகக் கடினம். ஆட்டோவில் கிளட்சும் கியரும் இடது கையில், ஆக்சிலரேட்டர் வலது கையில். பிரேக் முழுக்க வலது காலில். இருக்கையைப் பின்னுக்குத் தள்ள முடியாது, சாய்க்க முடியாது. குறுகிய இடத்தில் முட்டி மடங்கியே இருக்கும். வலது இடுப்பை மாற்றிய ஆட்டோக்காரரிடம் கார் ஓட்டுபவருக்குச் சொன்ன அதே ஆறு வாரத்தைச் சொல்லி அனுப்புவது பொறுப்பான பதிலாகாது.

இருசக்கர வண்டிக்கு வருவோம். நம் ஊரில் வண்டி என்றாலே பெரும்பாலோருக்கு அதுதான். பைக்கில் ஏறுவதைக் கவனியுங்கள். இடப்பக்கம் நின்று, இடது காலில் முழு எடையையும் தாங்கி, வலது காலைத் தூக்கி வீசுகிறோம். வலது இடுப்பு மாற்றியவருக்கு அந்த வீச்சு, மடக்கலும் விரிப்பும் திருகலும் ஒன்றாகச் சேர்ந்த அசைவு. இடது இடுப்பு மாற்றியவருக்கு ஒற்றைக் காலில் நிற்கும் அந்தக் கணம், பாவெல்ஸ் கணக்கின்படி மூன்று மடங்கு சுமை. எந்தப் பக்கம் அறுத்தாலும் தப்பிக்க வழியில்லை. கால் வீசத் தேவையில்லாத ஸ்கூட்டர் இதில் மேல். பிரேக் இரண்டும் கையிலேயே இருப்பதும் நல்லது. ஆனால் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்த வண்டி சிக்னலில் சாயும்போது தாங்குவது கால்தான். சென்டர் ஸ்டாண்ட் போடுவது, செல்ஃப் எடுக்காதபோது கிக்கரை உதைப்பது, மணலில் சறுக்கும்போது அனிச்சையாகக் காலை ஊன்றுவது எல்லாமே பெர்க்மன் அளந்த தடுமாற்ற வகையைச் சேர்ந்தவை. செயற்கைத் தண்டைச் சுற்றி எலும்பு முறிந்தால் அதைச் சரிசெய்வது முதல் அறுவையைவிடச் சிக்கலானது. காருக்கு ஆறு வாரம் என்றால் இருசக்கர வண்டிக்கு மூன்று மாதம் என்று பல மருத்துவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பின்னால் உட்கார்ந்து போவதற்கும் இது பொருந்தும். புடவை கட்டிய பெண்கள் ஒருபக்கமாக உட்காரும்போது இடுப்பு திருகியே இருக்கிறது. வேகத்தடையில் குலுங்கினால் பிடிமானமும் கிடையாது.

ஓட்டாமல், உட்கார்ந்து மட்டும் போகிறவருக்கும் வண்டி ஒரு பரீட்சைதான். முதல் பயணம் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு. மதுரையில் அறுவை செய்துகொண்டு ராமநாதபுரம் போகிறவர் அன்றே நூறு கிலோமீட்டருக்கு மேல் உட்கார வேண்டியிருக்கிறது. தாழ்ந்த இருக்கை கொண்ட சின்னக் காரில் முட்டி இடுப்பைவிட உயர்ந்துவிடும். 90 பாகை விதி ஏறும்போதே மீறப்படும். மிக உயர்ந்த வண்டியில் ஏறவே முடியாது. முன் இருக்கையை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி, சாய்மானத்தை இறக்கி, தேவையானால் கெட்டியான ஒரு மெத்தை வைத்து உயர்த்துங்கள். ஏறும்போது முதுகைக் காருக்குக் காட்டி, அறுத்த காலை முன்னே நீட்டி, முதலில் உட்கார வேண்டும். இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்திருந்தால் உடம்பு வழுக்கித் திரும்பும். இரண்டு கால்களையும் சேர்த்தே உள்ளே கொண்டுவரலாம். உட்கார்ந்ததும் அந்தப் பையை உருவிவிடுங்கள், பிரேக் போடும்போது ஆள் வழுக்கக் கூடாது. மணிக்கொரு முறை நிறுத்தி இறங்கி நடக்க வேண்டும். கால்களைத் தொங்கவிட்டு அசையாமல் இருந்தால் கெண்டைக்கால் சிரைகளில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை 35 நாள் வரைகூடத் தொடரச் சொல்வது இதனால்தான். வீட்டுக்கு வந்தாயிற்று என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டிரமடால், பிரிகாபலின் போன்ற வலி மாத்திரைகள் தூக்கத்தைத் தருபவை. அவற்றை எடுத்துக்கொண்டிருக்கும் வரை எந்த வண்டியின் சாவியும் உங்கள் கையில் இருக்கக் கூடாது.

நீங்கள் படுக்கையில் இருக்கும்போது வண்டியும் சும்மா நிற்கிறது. அது நலமாக இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். இன்றைய காரின் சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் கடிகாரம், பூட்டு, அலாரம், கணினி என்று உள்ளே ஏதோ விழித்திருக்கிறது. அது இழுக்கும் மின்சாரம் 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 42 நாளில் 30 ஆம்பியர்-மணி காலியாகும். சின்னக் காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணிதான். அதற்கும் மேலாக, நம் வெயிலில் பேட்டரி தானாகவும் வடிகிறது. முழு மின்னேற்றத்தில் 12.6 வோல்ட் காட்டும் ஈய அமில பேட்டரி, குறைந்த மின்னேற்றத்திலேயே வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் கெட்டியாகிவிடும். பிறகு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. பெட்ரோலில் இப்போது 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுப்பது. இழுத்துவிட்ட கை பிரேக் மழைக்காலத்தில் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். டயரில் காற்று இறங்கும். பானெட்டுக்குள் எலி குடும்பம் நடத்தும்.

இவை ஆறு வாரம் வெளியூர் போனவருக்குத் தொல்லை மட்டுமே. இடுப்பு மாற்றியவருக்கு அப்படி விட்டுவிட முடியாது. வழியில் நின்றுபோன ஸ்கூட்டரை அவரால் தள்ள முடியாது. பஞ்சரான காரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஸ்டெப்னி மாற்ற முடியாது. நெடுஞ்சாலை ஓரத்தில் உட்கார இடமில்லாமல் ஒரு மணி நேரம் மெக்கானிக்குக்காக நிற்க முடியாது. ஆகவே அறுவைத் தேதி குறித்ததும் செய்ய வேண்டிய வேலைகளில் ரத்தப் பரிசோதனையோடு வண்டி சர்வீஸும் ஒன்று. பிரேக், டயர், பேட்டரி மூன்றையும் பார்த்துவிடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை வேறொருவர் அரை மணி நேரம் ஓட்டிவரட்டும்; வாசலில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறுமவிடுவது, ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரத்தைக்கூட ஒழுங்காகத் திருப்பித் தராது. ஓட்ட ஆளில்லை என்றால் பேட்டரியின் எதிர்மின் முனை இணைப்பைக் கழற்றிவிடுங்கள். கை பிரேக்கை விட்டு, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

கார் வைத்திருப்பவருக்கு ஆக்டிங் டிரைவர் கிடைப்பார். தவணை கட்டும் ஆட்டோவையோ லோடு வண்டியையோ நம்பியிருப்பவருக்கு அந்த மூன்று மாதம் வருமானமே போய்விடுகிறது. பலரும் ஐந்தாவது வாரத்திலேயே ஓட்டத் தொடங்குவது மருத்துவர் பேச்சைக் கேட்காத திமிரால் அல்ல, வட்டிக்காரர் வாசலில் நிற்பதால். பேட்ஜ் உள்ள நம்பகமான ஓட்டுநருக்குத் தின வாடகைக்கு வண்டியை விடும் ஏற்பாட்டை அறுவைக்கு முன்பே பேசி முடித்துவிடுவதுதான் அவர்களுக்கு நான் கண்ட நடைமுறை வழி. அரசு காப்பீட்டுத் திட்டம் அறுவைச் செலவை ஏற்றாலும், ஓட்டாமல் இருக்கும் நாட்களின் கூலியை ஏற்பதில்லை. அது ஏற்கப்பட வேண்டும். குணமாகாத காலோடு சாலைக்கு வரும் ஒவ்வொரு ஓட்டுநரும் மற்றவர்களுக்கும் ஆபத்து.

சட்டத்தில் விடை தேடினால் கிடைக்காது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், இடுப்பு மாற்றியவர் இத்தனை நாள் ஓட்டக் கூடாது என்று எதையும் வரையறுக்கவில்லை. பிரிட்டனில் மூன்று மாதம் கடந்தும் ஓட்ட முடியாத நிலை இருந்தால் உரிமம் வழங்கும் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். இங்கே பொறுப்பு முழுக்க மருத்துவர் மீதும் நோயாளி மீதும்தான். ஆகவே ஓட்டலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விபத்து என்று ஒன்று நேர்ந்து கேள்வி எழும்போது அந்தத் தாள்தான் பேசும்.

வண்டியே இல்லாத வீடுகளும் உண்டு. சாதாரணப் பேருந்தின் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர் வரை உயரத்தில் இருக்கிறது. அந்தப் படிகளில் ஏற அறுத்த இடுப்பு ஆறு வாரத்திலும் திணறும். தாழ்தளப் பேருந்தின் தளம் 400 மில்லிமீட்டர்தான். மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போராடியதன் பயனாக 2024இல் சென்னையில் அவை மீண்டும் ஓடத் தொடங்கின. அவர்கள் வாங்கித் தந்த வசதி, தற்காலிகமாகக் கால் முடியாமல் போன நமக்கும் சேர்த்துத்தான். கிராமங்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவுசெய்யுங்கள். பயிற்சிக்காக வாரம் இருமுறை ஆட்டோவில் குலுங்கிப் போய் வருவதைவிட அது பல மடங்கு மேல்.

ஆறு வாரமோ பன்னிரண்டு வாரமோ கடந்து, மருத்துவர் சரி என்ற பிறகும், சாலைக்குப் போகும் முன் வாசலிலேயே ஒரு சோதனை செய்துபாருங்கள். காரை நியூட்ரலில், கை பிரேக் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு உட்காருங்கள். பக்கத்தில் ஒருவர் எதிர்பாராத நேரத்தில் "நிறுத்து" என்று சத்தம் போடட்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தூக்கி பிரேக்கை முழு பலத்தோடு மிதியுங்கள். இருபது முறை செய்யுங்கள். ஒருமுறையாவது வலித்தாலோ, கையால் தொடையைத் தூக்கத் தோன்றினாலோ, கால் மிதியின் ஓரத்தில் இடறினாலோ, இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். தேறிவிட்டால் முதலில் ஆளில்லாத தெருவில், பக்கத்தில் ஓட்டத் தெரிந்த ஒருவரோடு ஓட்டிப்பாருங்கள்.

அறுவை சிகிச்சை நிபுணர்களுக்கும் இயன்முறை மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைகளின் பெயர் இருக்கிறது, அடுத்த வரவின் தேதி இருக்கிறது. அதில் வண்டிக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்: அறுத்தது எந்தப் பக்கம், நோயாளி ஓட்டுவது என்ன வண்டி, பிரேக் மிதிக்கும் காலைச் சோதிக்கப்போவது எந்தத் தேதியில்.